வலது கை

ஏம்பலத்துக் கரும்பாலையில் குப்பு இடது கையால் காய்ந்த சக்கையை அள்ளி அடுப்பில் தள்ளுகிறாள். தீ எழும்பும்போதெல்லாம், துணி சுற்றிய வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். வெளியே ஆலை சுற்றும் மாடுகளின் மணி ஓயாமல் கேட்கிறது. நேற்று கொப்பரை சரிந்தபோது, கொதிக்கும் பாகு அவள் புருஷன் சுப்புராயன் காலிலும் அவள் உள்ளங்கையிலும் ஒன்றாகத்தான் கொட்டியது. "ஆறுற வரைக்கும் வூட்ல கெடடா" என்று அவனை அனுப்பிய ஆலைக்காரர், அவளிடம் "அவந்தான் படுத்துட்டானே, நீயாவது வந்துடு" என்றார்.

இப்போது அவரே பச்சை ஒயின் புட்டியில் தேங்காயெண்ணெயோடு வந்து நிற்கிறார். "புருசன் எப்டி இருக்கான்?" "அனத்திக்கினு கெடக்குதுங்க." "பாவம். இத அவன் கால்ல தடவு." குப்பு இடது கையை நீட்டுகிறாள். "இன்னாடி, பீச்சாங்கையால வாங்குற?" அவள் வலது கையை மெல்ல முன்னால் கொண்டுவருகிறாள். துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. கொப்பரையில் பாகின் நிறத்தைப் பார்த்தபடியே அவர் புட்டியை அந்தக் கையில் வைக்கிறார். குப்பு உதட்டைக் கடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதைப் பிடித்துக்கொள்கிறாள்.