வல்லாரைக் கஞ்சி

எழுபத்து நான்கு. ஆறு வாரமாக அதே எழுபத்து நான்கு. தராசு முள்ளுக்கு அப்படி என்ன வீம்போ!

"எங்கயோ பிழைக்குது, றலியா," என்றாள் நிரஞ்சலா. "பத்தாயிரம் அடி நடக்கிறன். சோத்தைத் தராசில நிறுத்துத்தான் சாப்பிடுறன். எல்லாத்தையும் போனில பதியிறன்."

ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் கண்டி வாவியின் மேல் சோம்பலாகப் படுத்துக் கிடந்தது. இந்த விடியலில் வாவியைச் சுற்றி நடந்தால் நிரஞ்சலாவுக்குத் தன் உடம்பே மறந்துபோகும். கணவன் றமணன் பழையபடி சுகமாகிப் பக்கத்தில் நடந்து வருவது போலிருக்கும்.

அந்தக் கனவுக்கு இன்னும் நாலு கிலோ குறுக்கே நின்றது. எழுபதுக்கு வந்தால்தான் அவளுடைய சிறுநீரகத்தை எடுத்து அவனுக்கு வைக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கந்தோரில் கூட வேலை செய்யும் தோழி றலியா, நடந்தபடியே போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. இந்தக் காலைக் கஞ்சி? எழுபது கலோரின்னு போட்டிருக்கீங்க."

"வல்லாரைக் கஞ்சி. அவர்தான் காய்ச்சித் தாறவர். தேங்காயைக் கடைசியாப் பிழிஞ்ச தண்ணிப்பால்தான் விடுறவராம்."

நிரஞ்சலா கஞ்சி கொண்டுவந்த பிளாஸ்க்கை றலியா திறந்து ஒரு வாய் குடித்தாள்.

"அல்லாஹ்வே! இது கட்டி முதற்பால். அரைத் தேங்காயாவது இருக்கும். நீங்க மெலியிறது உங்க மனுசனுக்குப் பிடிக்கல்லயோ?"

நிரஞ்சலாவுக்குச் சுருக்கென்றது. அவ்வளவு ருசியையும் அவனுடைய கைப்பக்குவம் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தாள்!

மறுநாள் வழக்கத்துக்கு முன்னதாகவே எழும்பிக் குசினிக்குள் போனாள். றமணன் கதிரையில் உட்கார்ந்து, வீங்கிய கையால் துருவிய தேங்காய்ப்பூவைப் பிழிந்துகொண்டிருந்தான். அவனுடைய நோய்க்கோ தேங்காய்ப்பால் வாயில் படக்கூடாது.

"ஆருக்கப்பா இந்த முதற்பால்?"

அவன் பால் கிண்ணத்தைக் கையால் மறைத்தான்.

"ஆறு வாரமா என்னை ஏமாத்தியிருக்கிறியள். உங்களுக்காகத்தானே நான் வயித்தைக் கட்டுறன்! உங்களுக்கு உயிரோட இருக்க ஆசையில்லையோ?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அறைக்குள் மூன்று வயது மகள் நித்திரையில் சிணுங்கினாள். றமணன் அந்தப் பக்கம் பார்த்தான்.

"ஆசைதான். ஆனா நீர் மெலிஞ்சா கிட்னி எடுக்க உம்மையும் எல்லோ வெட்டுவினம். பிள்ளைக்கு ஒராளாவது முழுசா இருக்கட்டும், நிரஞ்சலா."