மூன்றாம் சரணம்

புது ஐயர் பாட்டின் எண்ணைச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்குப் போதகர் என்றால் ஐயர். எந்த ஐயர் வந்தாலும் எண்ணைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்லிவிடுவார். ஒன்று, இரண்டு, கடைசி. நடுவில் எத்தனை சரணம் இருந்தாலும் அது புத்தகத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டிலும் கறி அடுப்பில் இருக்கும். கர்த்தர் பொறுத்துக்கொள்வார், கறி பொறுக்காது.

இவர் போன வாரம்தான் மாற்றலாகி வந்திருந்தார். வழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அது அவள் எழுதிய பாட்டு.

கல்யாண வீட்டிலும் பாடுவார்கள், கல்லறைத் தோட்டத்திலும் பாடுவார்கள். பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்ட பாட்டு. மெட்டுப் போட்டவர் அவள் கணவர் தேவசிகாமணி. கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவரும் அவர்தான்.

மூன்றாம் சரணத்தை மட்டும் அங்கே யாரும் பாடியதில்லை.

அதில்தான் ஞானப்பூ இருக்கிறாள். நடக்கப் பழகிய வயதில் காய்ச்சலில் போன மகள்.

கேட்டால் கொடுத்திருப்பேனோ – என்
மடியில் உறங்கியதைக்
கேளாமல் எடுத்தீரே.

முதலில் எழுதியது அதைத்தான். மற்ற மூன்றும் பிறகு வந்தன.

ஒரே ஒரு தடவை கணவரிடம் கேட்டிருக்கிறாள், கோயிலில் முழுப்பாட்டையும் பாடச் சொல்லலாமே என்று. அவர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து பிள்ளையின் பேரை அவர் வாயில் எடுத்ததில்லை. மறந்தே போனார் என்று அவள் முடிவு கட்டினாள். அந்தக் கோபத்தோடேயே சோறு போட்டாள், துணி துவைத்தாள். தலையும் நரைத்துப்போனது.

முதல் சரணம் முடிந்தது.

இரண்டாவதும் முடிந்தது.

சபை பழக்கதோஷத்தில் கடைசிக்குத் தாவியது. மைக்கில் ஐயர் மட்டும் மூன்றாவதைப் பிடித்தார். இரண்டும் முட்டிக்கொண்டன.

"என்னக்கா, ஐயரு மூணாவதுக்குல்லா போறாரு!" பக்கத்தில் இருந்த ரூபவதி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சபை நின்றது. ஐயரும் நின்றார். புத்தகங்கள் புரண்டன. எல்லோரும் ஆர்மோனியத்தைப் பார்த்தார்கள்.

சத்தம் வரவில்லை.

காற்றுக்காகத் துருத்தியைத் தள்ள வேண்டிய தேவசிகாமணியின் இடது கை மடியில் கிடந்தது. வலது கை கட்டைகளின் மேல் அப்படியே இருந்தது. முன்னால் பாட்டுப்புத்தகம் மூடியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

கேட்டால் கொடுத்திருப்பேனோ.

ஒரு சொல் பிசகவில்லை.

இந்த மனுஷனை இத்தனை வருஷமாக என்னவென்று நினைத்துவிட்டாள்!

எழுந்தாள். பெண்கள் பாயைத் தாண்டி ஆண்கள் பக்கம் நடந்தாள். ஆராதனை நடுவே அங்கே எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. ரூபவதி சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவள் நிற்கவில்லை.

ஆர்மோனியத்துக்கு எதிரே உட்கார்ந்து துருத்தியில் கை வைத்தாள்.

"நீங்க வாசிங்க. காத்து நான் போடுதேன்."

அவர் நிமிரவில்லை.

அவள் தள்ளினாள். விட்டாள். மறுபடி தள்ளினாள்.

பிறகு ஒரு விரல் இறங்கியது. அதன் பின்னால் மற்ற விரல்களும் இறங்கின.

சபை பாடியது. புத்தகத்தைப் பார்த்து, தட்டுத்தடுமாறி, புதுப்பாட்டைப் பாடுகிற மாதிரி பாடியது. சிரித்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள்.

அவள் பாடவில்லை. துருத்தியைத் தள்ளியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடி நனைந்திருந்தது. அவர் துடைக்கவில்லை.

சரணம் முடிந்தது. கடைசிச் சரணத்துக்காக ஐயர் மைக்கை நெருங்கினார்.

அதற்குள் தேவசிகாமணி மூன்றாவதையே மறுபடி எடுத்தார்.

இந்தத் தடவை வாய்விட்டுப் பாடினார்.