அதே டாக்டர்

கிணற்றிலிருந்து ஒரு குழந்தையின் உடலைத் தூக்கி வந்த மறுவாரம், தீயணைப்பு வீரர் மருதையனால் வண்டியில் ஏற முடியவில்லை. அவசர மணி அடித்துக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பற்றியவர் படியில் கால் வைக்காமல் நின்றார். நிலைய அதிகாரி ஜெயசீலி இறங்கி வந்தார்.

“முடியல மேடம்.”

“தெரியுதுண்ணே. நீங்க இருங்க, நாங்க போயிட்டு வர்றோம். நாளைக்கு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நானும் அவர்கிட்டதான் காட்டுறேன்.”

வண்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர் சூசை எட்டிப்பார்த்து, “எனக்கும் அவராலதாண்ணே தூக்கம் வந்துச்சு” என்றார்.

இரண்டு மாதத்தில் மருதையன் மறுபடி வண்டி ஏறினார். ஒரு கல்யாணப் பந்தியில் மைத்துனன் காதருகே குனிந்து, “மனநல டாக்டர்கிட்ட போறீங்களாமே மச்சான்?” என்று கிசுகிசுத்தான்.

மருதையன் இலையிலிருந்து தலை நிமிர்ந்தார். “ஆமா மாப்ள. எங்க ஆபீசரே கூட்டிட்டுப் போனாங்க.”