பின்னால் ஓடி வந்தவன்

மூன்றாவது நாளாகவும் அவன் அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே ஓடி வந்தான். பதினைந்து அடி இடைவெளி. அவள் வேகத்தைக் கூட்டினால் அவனும் கூட்டினான். அவள் குறைத்தால் அவனும் குறைத்தான்.

ரூபிகா இதைத் திங்கட்கிழமையே கவனித்துவிட்டாள். கொழும்பு, வெள்ளவத்தை மரைன் டிரைவில் காலை ஆறு மணிக்கு ஓடுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டால் தலையசைப்பது வழக்கம். இந்த இருவரும் புதியவர்கள். பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். இரண்டு காதுகளையும் மூடும் பெரிய வயர்லெஸ் ஹெட்போன் போட்டுக்கொண்டு, கடல் பக்கத்து நடைபாதையில் நேரே பார்த்தபடி ஓடுவாள். யாருக்கும் தலையசைக்க மாட்டாள்.

'ஒருக்காத் திரும்பிப் பாரன் பிள்ளை' என்று ரூபிகா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இன்று ரூபிகாவின் இடது இயர்பட்டில் சார்ஜ் முடிந்துவிட்டது. அதைக் கழற்றிப் பையில் போட்ட நேரத்தில்தான் அவன் அந்தப் பக்கமாக அவளைக் கடந்து போனான். கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, தாழ்ந்த குரலில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தான்.

"ஓம், இப்பிடியே… முன்னுக்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லை… அவசரப்பட வேண்டாம்."

ரூபிகா பாட்டை நிறுத்திவிட்டு அவனுக்குப் பின்னால் ஓடத் தொடங்கினாள்.

நடைபாதையில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. அந்தப் பெண் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சற்றே விலகி, அதைத் தாண்டி ஓடினாள்.

அவன் மறுபடி கதைத்தான். "நூறடியிலை வெள்ளை வான் ஒண்டு நிக்குது. பின்கதவைத் திறந்து வைச்சிருக்கிறாங்கள். நான் சொன்ன உடனை…"

மிச்சத்தைக் கடல் காற்றுக் கொண்டுபோனது.

ரூபிகா நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொன்னபடியே ஒரு வெள்ளை வான், பாதி தெருவிலும் பாதி நடைபாதையிலுமாக நின்றது. பின்கதவு மேலே தூக்கியபடி இருந்தது. உள்ளே யாரோ அசைவது தெரிந்தது.

அவளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் வைத்துச் சித்தப்பாவை இப்படியொரு வானில்தான் யாரோ இழுத்து ஏற்றினார்கள். ரூபிகா மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். கத்துவதற்கு வாய் வரவில்லை. சித்தப்பா இன்றுவரை வீடு வந்து சேரவில்லை.

"தங்கச்சி!" இந்த முறை குரல் வந்தது. "தங்கச்சி, நில்லுங்கோ!"

ஹெட்போனைத் தாண்டி அது உள்ளே போகவில்லை. பெண் வானை நோக்கியே ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தது அவன்தான்.

இனி யோசிக்க நேரமில்லை. ரூபிகா பாய்ந்து போய் அவன் கையில் ஓங்கி அடித்தாள். கைபேசி பறந்து, பக்கத்துச் சுவரைத் தாண்டி, ரயில் பாதைக் கற்களில் விழுந்து சிதறியது.

"ஐயோ அக்கா! என்ன வேலை செய்தனீங்கள்!"

"ஆரோடையடா கதைச்சனீ? வானுக்குள்ளை ஆர் இருக்கிறது?"

"விடுங்கோ அக்கா, நேரமில்லை!" அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

அவள் விடவில்லை. அவனுடைய டீசேர்ட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் திமிறியபடி முன்னால் பார்த்துக் கத்தினான். "சுபோ! சுபோதினி! நில்லு!"

பெயரையும் அறிந்து வைத்திருக்கிறானே! ரூபிகாவின் பிடி இன்னும் இறுகியது. அந்த நேரம் பார்த்துக் கோட்டை நிலையத்துக்குப் போகும் ரயில் தடதடத்துக்கொண்டு வந்தது. யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

வானுக்குள்ளிருந்து ஓர் ஆள் தலையை நீட்டினான். ஓடி வரும் பெண்ணைக் கண்டதும் கீழே குதித்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவளை நோக்கிப் பாய்ந்தான்.

"விடடா அவளை!" என்று ரூபிகா கத்தினாள். யாரிடம், எதற்காக அப்படிக் கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் கணத்தில் அவளுடைய பிடி தளர்ந்தது. டீசேர்ட் கிழிய, அவன் பிய்த்துக்கொண்டு ஓடினான். ரூபிகாவும் பின்னால் ஓடினாள்.

அதற்குள் அந்தப் பெண் தானாகவே நின்றுவிட்டிருந்தாள். தூக்கியிருந்த பின்கதவின் இரும்பு விளிம்பு அவள் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வானிலிருந்து குதித்த ஆள் என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை விரித்தபடியே நின்றான். அவனுக்குப் பின்னால், வானுக்குள், பேக்கரிப் பாண் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

ஓடி வந்தவன் அவளுக்கு நேர் முன்னால் போய் நின்றான். மூச்சு வாங்கியதில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. கண்களில் நீர் முட்டி நின்றது.

ரயிலின் கடைசிப் பெட்டியும் கடந்து போனது. அந்தப் பெண் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். அவன் தோளுக்கு மேலால் எங்கோ பார்த்தபடி, கையை மெல்ல நீட்டிக் காற்றில் துழாவினாள்.

"அண்ணா, ஏன் போனிலை உங்கடை சத்தத்தைக் காணேல்லை… எங்கை நிக்கிறீங்கள்?"