வலப்பக்கத்து வளைவு

ஓஹையோவின் சோளக்காட்டு வளைவில் மெக்கானிக் வெண்டல் வேகத்தைக் குறைக்காமல், இடப்பக்கம் இருக்கும் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்புகிறான். புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டிய அறுபத்தெட்டாம் வருடத்துக் கார் துளியும் சாயவில்லை. நீண்ட முன்சீட்டில் அவனருகே உட்கார்ந்திருக்கும் லொரெட்டாவின் மடியில் காலை வெயில் மட்டும் இடம் மாறுகிறது. கார், போன வருடம் இறந்த அவள் கணவன் ஹார்லனுடையது.

“பாத்தீங்களாம்மா, தண்டவாளத்துல போற மாதிரி போகுது. முன்னெல்லாம் படகு மாதிரி சாயும்.”

“சாயும். இந்த வளைவுல நான் வழுக்கிட்டே போய் ஹார்லன் தோள்ல இடிப்பேன். அதுக்காகவே மனுஷன் சுத்து வழியில வருவாரு.” தனக்கும் அவனுக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் சீட்டை அவள் தடவுகிறாள். “பழைய ஸ்பிரிங் இருக்கா?”

“கடையில கெடக்கு. அதை மாட்டினா இப்ப என் தோள்லதான் இடிப்பீங்க.”

“இடிக்க மாட்டேன் வெண்டல். அந்தப் பக்கமா கொஞ்சம் நழுவினாப் போதும்.”