கேஸ் போன வழி

"இந்தத் தடவையும் வெறும் காத்துதான் தம்பி. அதுவும் அடுப்ப ஊதிவிட்ட மாதிரி!"

என் வண்டி ஏசி ரிப்பேர் கடைக்குள் பழைய பிக்கப்பை விட்டு இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தினார் பிளாஸ்டிக் சாமான் வியாபாரி. ஒரு வாளி விற்க அரை நாள் பேரம் பேசுகிற ஆள்.

முன் சீட்டில் அவருடைய அக்கா. மனசு வைத்தால் நாலு அடி நடப்பார், அவ்வளவுதான். சூடு பட்டாலே மூச்சு இழுக்கும். ஏசி இல்லாத வண்டியில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போக வேண்டியதோ தூரத்து ஊரில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு. அக்காவுக்காக அங்கே ஒரு கட்டிலைப் பிடித்து வைத்திருந்தார்கள். இன்று போகாவிட்டால் அது வேறொருவருக்கு.

ஒவ்வொரு முறையும் நான் ஏசிக்குக் கேஸ் நிரப்பி அனுப்புவேன். கிளம்புகிற அன்று காலையில் ஏசி செத்துக் கிடக்கும். பயணம் தள்ளிப்போகும்.

வியாபாரியின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்களத் தூக்கித் தூக்கி என் இடுப்பே விட்டுப்போச்சு. நீங்க ரிப்பேர் பண்றீங்களா, இல்ல வண்டிக்கு ஜோசியம் பாக்குறீங்களா?"

நியாயமான கேள்விதான். சோப்பு நுரை தடவிப் பார்த்தாயிற்று. இணைப்புகளுக்குப் புது ரப்பர் வளையம் போட்டாயிற்று. முகம் பிடிக்காத ஒரு குழாயை மாற்றியும் ஆயிற்று. கடைசி முயற்சியாக, போன தடவை கேஸோடு சாயம் கலந்து விட்டிருந்தேன். எங்கே கசிந்திருந்தாலும் ஊதா விளக்கில் பச்சையாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிச்சத்தைக் குறைக்க ஷட்டரைப் பாதி இறக்கினேன். விளக்கோடு பானெட்டுக்குள் தலையை விட்டேன்.

குழாய்கள் சுத்தம். கம்ப்ரசர் சுத்தம்.

போன தடவை நான் துடைத்து அனுப்பிய, கேஸ் நிரப்புகிற வாய் மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. அதன் மூடியோ இறுகத் திருகியிருந்தது.

மூடியைக் கழற்றி, கொஞ்சம் கேஸ் ஏற்றி, சோப்பு நீர் விட்டுப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. உள்ளே இருக்கும் ஊசியை யாராவது அழுத்தினால்தான் கேஸ் வெளியேறும்.

தானாகக் கசிகிற கேஸ், போகும்போது மூடியைத் திருகிவிட்டுப் போவதில்லை.

யார் கை? அழுத்திய விரலிலும் சாயம் ஒட்டியிருக்கும். கேட்டால் ஒரு குடும்பச் சண்டை என் கடைக்குள் நடக்கும். போக மனமில்லாதவர் ஒருவர்தானே இருக்க முடியும் என்று நினைத்தேன். காற்று வரும் வழியைப் பார்ப்பது போல உள்ளே குனிந்து, அக்காவின் மடியில் கிடந்த கைகளின் மேல் விளக்கை ஓட்டினேன்.

சுருக்கம் விழுந்த விரல்கள். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

"வெளிச்சம் அழகா இருக்கே," என்றார் அக்கா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே ஹார்ன் அடித்தது. வியாபாரியின் மனைவி எழுந்தார்.

"போதும், விடுங்க. என் தம்பி கார எடுத்துட்டு வந்துட்டான். ஏசி சும்மா ஐஸ் மாதிரி இருக்குமாம்."

வியாபாரி பேரத்தைத் தொடங்கினார். அடுத்த வாரம் என்றார். நாளைக்கு என்றார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் என்றார். ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போகலாமே என்றார். மனைவி எதற்கும் இறங்கி வரவில்லை.

"போலாம்டா," என்றார் அக்கா.

அதற்குமேல் வியாபாரியிடம் சரக்கு இல்லை. வண்டிக்குள் குனிந்து, இரண்டு கைகளாலும் அக்காவைத் தூக்கினார்.

விளக்கை அணைக்க மறந்திருந்தேன்.

அவருடைய விரல்கள் மின்னின. நகக்கண் ஒவ்வொன்றிலும் பச்சை. கைகளில் அக்கா இருந்ததால் அவற்றை மறைத்துக்கொள்ளவும் வழியில்லை.

என்னைப் பார்த்தார். நான் விளக்கை அணைத்தேன்.

வாசலில் மச்சினனின் கார், கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு நின்றது. என்னைத் தாண்டிப் போகும்போது வியாபாரி குரலைத் தாழ்த்தினார்.

"தூரப் பயணம் தம்பி. அந்தக் கார் ஏசியோட கேஸையும் ஒரு தடவ பாத்துடேன்."