உட்காராத மாப்பிள்ளை

"உக்காருங்க மாப்பிள்ளை" என்று சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நான் இருக்கிறப்போ எங்க மாப்பிள்ளை உக்கார மாட்டார். அவ்வளவு மரியாதை."

போன இடத்திலெல்லாம் இதே பெருமைதான். மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

சில மாதம் கழித்து அம்மா மகள் வீட்டுக்கு மறுபடி வந்தபோது, மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வாங்க அத்தை" என்றார், எழுந்திருக்கவில்லை.

அம்மாவின் முகம் மாறியது. மகளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"எவ்வளவு நேரமாடி உக்காந்திருக்கார்?"

"தப்பா எடுத்துக்காதம்மா. அவருக்குப் பெருங்குடல்ல புண்ணு. அதோட ஆசனவாய்ப் பக்கத்துல சீழ்க்கட்டி வேற. உக்கார முடியாமத்தான் நின்னார். சொல்லக் கூச்சம். ஆபரேஷன் பண்ணி இப்பதான் ஆறியிருக்கு."

"தெரியும்டி" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன தடவை இங்க துணி அலசினப்பவே அவர் வேட்டியில ரத்தக்கறையைப் பார்த்துட்டேன். ஏன் நிக்கிறீங்கன்னு யாரும் அவரைக் கேட்டுடக் கூடாதேன்னுதான், மரியாதைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன்."